மறு: மறு: கிராஸ் பேவருக்குத் தமிழ்ல என்ன? (திங்கக்கிழமைக்குள்ள வேணும்)

தொடங்கியவர்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டு வாசல்ல கார் நிறுத்துற இடத்தை சிமெண்ட் போட்டு மூடாம, ஓட்டை வச்ச கான்கிரீட் கல்லையோ தேன்கூடு மாதிரி பிளாஸ்டிக் சட்டத்தையோ பதிச்சு குழியில மண்ணு ரொப்பி புல்லு வளர்ப்பாங்கல்ல, அந்த கிராஸ் பேவர் (grass paver) பத்தி எட்டு பக்கக் கையேடு எழுதுறேன். தலைப்பு மட்டும் நிக்குது. புல்தளம்னு போடலாமா?

புலவர் ஐயா:
புல்தளம் பிழை தம்பி. புல் + தளம் புணர்ந்தா புற்றளம்.

கொத்தனார் மகன்:
புற்றளம்னா எங்கப்பா பாம்புப் புத்தான்னு கேப்பாரு. சைட்ல எல்லாரும் கிராஸ் பேவர்தான்.

புலவர் ஐயா:
பேவரும் நம்ம சொல்லே. கல் பாவிய தெரு, நெசவுல பாவும் ஊடும். பாவு போய் பேவ் ஆச்சு.

டீச்சர்:
ஐயா, அது லத்தீன். அங்க பவீரேன்னா அடிச்சுக் கெட்டிக்கிறது, நம்ம திமிசுக்கட்டை வேலை. பாவுறதுன்னா பரப்புறது. ரெண்டும் வேற. புல்லு கூட முக்கியமில்ல, மழைத்தண்ணி ரோட்டுக்கு ஓடாம கீழ இருக்கிற ஜல்லி வழியா மண்ணுக்குள்ள போறதுதானே விஷயம். 'புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்'னு ஔவை பாட்டுல புல்லும் இருக்கு பொசியறதும் இருக்கு. பொசிதளம்னு வைங்க. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, ஒற்றும் மிகாது.

கொத்தனார் மகன்:
டீச்சர், பொசியுதுன்னு சொன்னாலே கஸ்டமர் வாட்டர்ப்ரூஃபிங் ஆளைக் கூப்பிடுவாரு. பேரை விடுங்க, களிமண் தரைன்னா தண்ணி சீக்கிரம் இறங்காது, அடியில ஜல்லி கனமா வேணும், அது எழுதியாச்சா? மண்ணை சட்டத்தோட விளிம்புக்குக் கொஞ்சம் கீழ நிறுத்தணும், அப்பதான் டயர் வேரை நசுக்காது. நாள் பூரா கார் ஒரே இடத்துல நின்னா வெயில் படாம அருகம்புல்லே மஞ்சளாயிடும். விருந்தாளி வண்டிக்கு சரி, சொந்தக் காருக்கு யோசிக்கணும்.

யாழ்ப்பாணத்து அக்கா:
நாங்கள் பார்க்கிங்கைத் தரிப்பிடம் எண்டுதான் சொல்லுறது. புல் தரிப்பிடம் எண்டு போட்டால் என்ன?

கொத்தனார் மகன்:
அக்கா, இங்க தரிப்புன்னா கருத்தரிப்பு மைய போர்டுதான் ஞாபகம் வரும் 🙂

புலவர் ஐயா:
கேட்டிலிருந்து வீடு வரைக்கும் உள்ள இடத்துக்கும் பேர் வேணுமே. முன்றில் இருக்கு. இல்முன்தான் முன்றில் ஆச்சு, இலக்கணப்போலி. வண்டிமுன்றில்னு சொல்லலாம். இதுக்குத் தனி இழை தொடங்கட்டுமா?

தொடங்கியவர்:
ஐயா வேண்டாம், மணி பதினொண்ணு. தலைப்புல 'புல் பாவிய தரை', உள்ள முதல் வரியிலயே கிராஸ் பேவர். மூணு பேர் சரின்னுட்டாங்க. ஜல்லி, களிமண், நிழல் மூணையும் சேர்த்துட்டேன். அனுப்புறேன்.

டீச்சர்:
சரி. என் ஓட்டு இன்னமும் பொசிதளத்துக்குத்தான்.

புலவர் ஐயா:
புல்லால் பாவிய என்று விரித்தால் புற்பாவிய. அச்சுக்குப் போயிடுச்சா?