நம் வீட்டில் யார் பூமர்?

யாழினி: ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டாதே என்று கார்த்திக் அண்ணா ஒரு பக்கத்துக்கு அறிவுரை அனுப்பியிருக்கிறார். சரியான பூமர்!

கார்த்திக்: நான் பிறந்தது 1988. பூமர் என்றால் 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள்.

யாழினி: வருடத்தை யார் பார்க்கிறார்கள்? எங்கள் கல்லூரியில் சீனியர் அறிவுரை சொன்னாலே பூமர் அங்கிள்தான்.

ராஜு மாமா: அப்படியானால் இந்தக் குழுவில் அசல் பூமர் நானும் செல்வியும்தான். நான் 1954, அவள் 1962. ஆனால் அது அமெரிக்கக் கணக்கு யாழினி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கே பிறப்பு ஒரேயடியாகக் கூடியது. 1957இல் மட்டும் சுமார் 43 லட்சம் குழந்தைகள். 1965இல் 40 லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. கோடு 1964இல் நிற்பது அதனால்தான்.

கார்த்திக்: சொந்த வீடு, கார், நல்ல சம்பளம் எல்லாம் அந்தத் தலைமுறைக்கு எளிதாகக் கிடைத்தது என்பதுதான் அங்குள்ள பிள்ளைகளின் கோபம்.

யாழினி: அந்தக் கோபம் நியாயம்தானே அண்ணா? 2019இல் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் க்ளோயி ஸ்வார்ப்ரிக் என்ற பெண் உறுப்பினர் காலநிலை மசோதா பற்றிப் பேசும்போது ஒருவர் குறுக்கிட்டார். க்ளோயி அவரிடம் "ஓகே பூமர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25.

கார்த்திக்: அது அதிகாரத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சொன்னது. அங்கே அது பொருந்தும். அக்கறையாகப் பேசுகிறவரின் வாயை அடைக்க அதையே எடுத்தால் எப்படி?

செல்வி பெரியம்மா: எங்களுக்கு ஏது காரும் வீடும்! பள்ளியில் மஞ்சள் சோள மாவு உப்புமா போடுவார்கள். அதற்காகவே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

ராஜு மாமா: காமராஜர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1961இல் இருந்து கேர் என்ற தொண்டு அமைப்பு வழியாக அமெரிக்காவில் மிஞ்சிய தானியமும் பால் பவுடரும் கப்பலில் வந்தன. அந்த நாட்டுப் பூமர்களும் நாங்களும் ஒரே வயதுதான். அவர்கள் ஊரில் மிஞ்சியது எங்கள் தட்டுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்றால் எனக்கு ஒப்பவில்லை.

யாழினி: இது எனக்குத் தெரியாது மாமா.

செல்வி பெரியம்மா: நம் வீட்டில் கோடு போடுவதென்றால் சாப்பாட்டுக்கு முன், பின் என்று போடு. எங்கள் பெரியக்கா 1944. மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள், பள்ளிப் பக்கமே போகவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன்.

யாழினி: பெரியக்கா பெரியம்மா பாங்கில் கைநாட்டு வைப்பது அதனால்தானா?

ராஜு மாமா: ஆமாம். அவளுக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம்.