மறு: செல்ஃப்-ஃபிட்டிங் காதொலிக் கருவி: ‘தன்பொருத்தி’ சரிவருமா?

> ஓவர்-தி-கவுன்டர் = சீட்டில்லா; செல்ஃப்-ஃபிட்டிங் = தன்பொருத்தி; ரெக்கமண்டேஷன் டூல் = பரிந்துரைக் கருவி. மூன்றையும் முடிவாக்கலாமா?

காதொலிக் கருவி வாங்குவோருக்கான உங்கள் வரைவின் மூன்று தமிழ்ச் சொற்களில் முதலாவதில் (சீட்டில்லா) தடையில்லை. அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 முதல் நடப்பிலுள்ள விதியின் சாரமே அதுதான்: 18 வயது நிரம்பியவர், தமக்கு லேசான அல்லது நடுத்தரக் கேள்குறை இருப்பதாக உணர்ந்தால், மருத்துவர் சீட்டோ சோதனையோ இன்றி வாங்கலாம். பேச்சுவழக்கின் ‘காது மிஷின்’ விளக்க வரியில் இருக்கட்டும். தேடுகிறவர்கள் அதைத்தான் தட்டுவார்கள்.

மூன்றாவது சொல், அதாவது கேள்வி கேட்டு ஏற்ற காதொலிக் கருவியைக் காட்டும் பக்கத்தின் பெயர், ஆபத்து. ‘பரிந்துரை’ என்றால் மருத்துவர் சீட்டு என்றும் பொருள். ‘கருவி’ ஏற்கெனவே காதில் இருக்கிறது. “பரிந்துரைக் கருவி” என்று படிப்பவர் சீட்டோடு வாங்கும் மிஷின் என்றே நினைப்பார். ‘தெரிவுத்துணை’ என்போம். ‘தேர்வுத்துணை’ பரீட்சைக் கையேடு போல ஒலிக்கிறது.

இனி ‘தன்பொருத்தி’. ‘பொருத்து’ என்றதும் காதில் செருகுவதுதான் நினைவுக்கு வரும். இங்கே ஃபிட்டிங் என்பது எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபல் கூட்டுவது என்ற அமைப்பு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் என்ன ஆகும்? கருவி கீச்சிட்டால் முதலில் பார்க்க வேண்டியது சிலிக்கோன் முனையின் அளவு. இடைவெளி வழியாகப் பெருக்கிய ஒலி மைக்குக்குத் திரும்புகிறது. “மறுபடி பொருத்துங்கள்” என்று படித்தவர் கைபேசிச் செயலியில் கேட்புச் சோதனையைப் பத்து முறை செய்வார்; கீச்சு நிற்காது.

‘தன்’ என்பதும் தானியங்கி என்ற மயக்கம் தருகிறது. உண்மையில் வேலை பயனருடையது. பல கருவிகளில், சன்னமான ஒலி கேட்டதும் திரையைத் தட்ட வேண்டும், காதுக்குக் காது, அதிர்வெண்ணுக்கு அதிர்வெண். மின்விசிறி ஓடினால் அதன் இரைச்சல் தாழ் அதிர்வெண் ஒலிகளை மூடிவிடும். குறை இல்லாத இடத்தில் குறை பதிவாகி, செயலி அங்கே கூடுதலாகப் பெருக்கும். எல்லாம் ‘கும்’மென்று கேட்கும்.

என் முன்மொழிவு: பிரீசெட் (முன்கூட்டியே அமைத்து வருவது) = முன்னமை; செல்ஃப்-ஃபிட்டிங் = பயனரமை. ‘தன்னமை’ எதுகைக்கு அழகு, ஆனால் கைபேசித் திரையில் ‘தன்மை’ என்று படிப்பார்கள். பயனரமை கருவி வினைத்தொகை: அமைத்த, அமைக்கின்ற, அமைக்கும். ஒருமுறை அமைத்ததோடு முடியாத பொருளுக்கு முக்காலமும் அடங்கும் சொல் பொருத்தம்தானே. வல்லினமும் மிகாது, ‘பயனரமைக் கருவி’ என்று திருத்திவிடாதீர்கள்.

தெரிவுத்துணையின் கேள்வி வரிசையும் மாற வேண்டும். வரைவு விலையில் தொடங்குகிறது. முதலில் விலக்குக் கேள்விகள்: கடந்த 6 மாதத்தில் திடீரெனக் கேள்திறன் குறைந்ததா, சீழ் அல்லது இரத்தம் வந்ததா, காதுவலி, தலைச்சுற்றல், ஒரு காதில் மட்டும் இரைச்சல், இரு காதுக்கும் வேறுபாடு. ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். அமைதியான அறையிலேயே பேச்சு கேட்கவில்லை என்றால் குறை கடுமையாக இருக்கலாம். சீட்டில்லாக் கருவிக்கு ஒலி உச்சவரம்பு 111 டெசிபல், உள்வரும் ஒலி கூடும்போது பெருக்கத்தைத் தானாகக் குறைக்கும் வசதி இயங்கினால் 117. அதற்குமேல் தேவைப்படுவோருக்கு இது உதவாது. (‘உச்சவரம்பு’ நிலச் சட்டத்திலிருந்து எடுத்தது, பழகிய சொல்லை ஏன் விட வேண்டும்?)

அடுத்தது திறன்பேசி. இல்லையென்றால் முன்னமை கருவிகளை மட்டும் காட்டலாம். விரல் நடுங்குபவருக்கு மஞ்சள் தாள் ஒட்டிய 10ஆம் எண் குட்டிப் பேட்டரி வதை. சார்ஜ் ஏற்றும் கருவியைக் காட்டுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள்கணக்கையும் சேர்க்க வேண்டும்: திரும்பப் பெற்றே ஆக வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதி சொல்லவில்லை, நிபந்தனையைப் பெட்டிமேல் அச்சிடச் சொல்கிறது, அவ்வளவே.

> பயனரமை கருவி வினைத்தொகை

ஏற்கிறேன், தெரிவுத்துணையையும். வரைவில் ‘டோம்’ (காதுக்குள் போகும் சிலிக்கோன் முனை) என்பதற்குக் ‘குவிமாடம்’ என்று போட்டிருந்தேன். காதுக்குள் மசூதி கட்ட வேண்டாம். ‘முனைத்தொப்பி’ என்று மாற்றுகிறேன். துளையுள்ளது ‘திறந்த தொப்பி’, மற்றது ‘மூடிய தொப்பி’. சொந்தக் குரல் பானைக்குள் பேசுவது போலக் கேட்டால் திறந்த தொப்பியை முயலலாம், அதில் கீச்சு வந்தால் ஓரளவு பெரியதை என்று குறிப்பும் சேர்த்துவிட்டேன். ‘வேக்ஸ் கார்டு’ (காது அழுக்கு கருவிக்குள் புகாமல் தடுப்பது) மட்டும் பாக்கி. ‘குறும்பித் தடுப்பு’ என்றால் சிரிப்பார்களா?