லினக்ஸ் கர்னலுக்கு அனுப்பிய பேட்ச்சுக்குப் பதிலே இல்லை. திரும்பக் கேட்கலாமா?

கேள்வி:
லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், ஒரு வெப்பநிலை சென்சாரை இயக்கும் டிரைவரில் பிழை இருக்கிறது. −1 டிகிரி என்று காட்ட வேண்டிய இடத்தில் 255 என்று காட்டுகிறது. சிப் 12 பிட்டில் எண்ணைத் தருகிறது. அதன் மேல் பிட்தான் கூட்டல், கழித்தல் குறி என்பதை டிரைவர் கவனிக்கவில்லை. திருத்தம், அதாவது பேட்ச், இரண்டே வரி. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னருக்கும் மெயிலிங் லிஸ்ட்டுக்கும் அனுப்பிப் பல வாரங்கள் ஆகிவிட்டன. சரி என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. குளிர்பதன அறையில் இதை வைத்திருப்பவர்களுக்கு 255 என்பது சின்னத் தவறு இல்லை. அதனால் விட்டுவிட மனமில்லை. மறுபடி கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களா?

பதில் 1:
தாராளமாகக் கேளுங்கள். குறைந்தது ஒரு வாரம் பொறுத்துவிட்டு நினைவூட்டலாம் என்று கர்னல் ஆவணத்திலேயே இருக்கிறது. அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரம் மட்டும் வேண்டாம். அது முடிந்து முதல் சோதனைப் பதிப்பான ஆர்சி1 வெளிவந்த பிறகு கேளுங்கள்.

பதில் 2:
கர்னலின் வேறொரு பகுதிக்கு வரும் பேட்ச்களை நான் படித்துப் பார்க்கிறேன். பதில் வராததை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் கீழே போய்விட்ட மெயில், அவ்வளவுதான்.

முதலில், லிஸ்ட்டுக்கு வரும் பேட்ச்களின் நிலையைக் காட்டும் பேட்ச்வொர்க் தளத்தில் நிலை என்னவென்று பாருங்கள். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டும் இருக்கலாம். இல்லையென்றால் அதே மெயில் இழையில் பதிலாக எழுதுங்கள். வெறும் 'பிங்' என்று போட்டால் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. எந்த போர்டில் சோதித்தீர்கள், முன்பு 255, இப்போது −1, இன்றைய கர்னல் கோட் மரத்திலும் பேட்ச் ஒட்டுகிறது என்று மூன்று வரி போதும். மெயின்டெய்னர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை நீங்களே முடித்துக் கொடுத்த மாதிரி. அதே சிப் வைத்திருக்கும் இன்னொருவர் சோதித்து தன் பெயரில் 'டெஸ்டட்-பை' வரி கொடுத்தால் இன்னும் நல்லது.

பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டை (பதிவான மாற்றத்தை) காட்டும் 'ஃபிக்ஸஸ்' வரி இருக்கிறதா? அது இருந்தால் இது புது வசதி இல்லை, பிழைத்திருத்தம் என்பது பார்த்தவுடன் தெரியும். அடுத்த மெர்ஜ் விண்டோ வரை காத்திருக்காமல் ஆர்சி காலத்திலேயே உள்ளே போக வாய்ப்பு உண்டு.

கேள்வி கேட்டவர்:
அந்த வரி இல்லை. சேர்த்து 'ரீசெண்ட்' (மறு அனுப்பல்) என்று அனுப்பலாமா? மெயின்டெய்னருக்குத் தனியாக ஒரு மெயில் போடலாமா?

பதில் 2:
எதையும் மாற்றாமல் அனுப்பினால்தான் 'ரீசெண்ட்'. மாற்றத்தை விளக்கும் கமிட் செய்தியைத் தொட்டாலும் அது வி2, அதாவது இரண்டாம் பதிப்பு. என்ன மாற்றினீர்கள் என்பதை பேட்ச்சில் உள்ள மூன்று கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள், அது கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் வரலாற்றில் ஏறாது. தனி மெயில் வேண்டாம்; லிஸ்ட்டில் இருந்தால்தான் வேறு யாராவது கைகொடுக்க முடியும். அப்புறம், அனுப்பும் முன் மெயின்டெய்னர் பெயர்களைத் தேடித் தரும் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுங்கள். பொறுப்பு கைமாறியிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
ஓட்டிப் பார்த்தேன், ரிவ்யூவர் என்று புதிதாக ஒருவர் பெயர் வருகிறது! அவரையும் சேர்த்து இன்று வி2 அனுப்புகிறேன். நன்றி.