வெளிநாடு வந்த நாளைக் கொண்டாடுவீர்களா?

திருவையாற்றுக்காரி:
2011 ஆடிப்பெருக்கன்று இரவுதான் திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏறினேன். காலையில் காவிரியின் புஷ்ய மண்டபப் படித்துறையில் காதோலை கருகமணி விட்டுவிட்டு, அம்மா என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினாள். இப்போது வீடு, பிள்ளைகள் எல்லாம் இங்கேதான். அந்த நாளைக் கொண்டாடலாம் என்றால், "ஊரை விட்டு வந்ததற்கு விழாவா?" என்கிறார் இவர். என்ன செய்யலாம்?

கும்பகோணம் அக்கா:
சித்ரான்னம் கிளறி அக்கம்பக்கத்துக்கும் கொடு. ஆற்றில் மட்டும் எதையும் விடாதே தாயி, அங்கே அபராதம் தீட்டிவிடுவார்கள்!

மன்னார்குடியான்:
நாங்கள் அன்று அப்பாவுக்கு வீடியோ கால் போடுவோம். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தார்களா, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்றே பொழுது போய்விடும். அதுவே விழாதான்.

திருவையாற்றுக்காரி:
சரி அக்கா, சித்ரான்னமே. தேங்காய் துருவுவது இவர் வேலை.