புதுப்பிப்பு: தத்துவம் எம்.ஏ. சேர்ந்துவிட்டேன்

'தத்துவம் படித்து என்ன கிழிப்பாய்?' என்று அப்பா கேட்கிறாரே, சேரலாமா என்று ஜூனில் புலம்பியிருந்தேன். சேர்ந்துவிட்டேன். ராயபுரத்திலிருந்து பஸ், கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில், சேப்பாக்கம். கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தகுதித் தேர்வை நினைவூட்டியவர்களுக்கு: மறக்கவில்லை.

தத்துவம் வசதியானவர்களின் பாடம் என்றவருக்கு ஒன்று. குடியரசுத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவத்தை எடுத்ததே, உறவினர் ஒருவர் தம் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததால்தான். அவர் படித்த கிறித்தவக் கல்லூரியும் அப்போது நம் பாரிமுனைப் பக்கம். 1937-இல்தான் தாம்பரம் போனது.

போன வாரம் வகுப்பில் நியாய தர்க்கம், அதாவது 'நியாயம்' என்ற பழைய இந்தியத் தத்துவப் பிரிவின் தர்க்கம். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் போல. அப்பாவுக்குக் காசிமேட்டில் படகுகளுக்கான இரும்பு வேலை. இரவு சாப்பாட்டில் இதைச் சொன்னேன். சங்கரா மீனின் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "சரி, நெருப்பு இருந்தால் புகை இருந்தே தீருமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் ஏது புகை?" என்றார்.

சோறு தொண்டையிலேயே நின்றது. நியாய நூல்கள் காட்டும் எதிர் உதாரணமே அந்தக் காய்ச்சிய இரும்புக் குண்டுதான்! சொன்னேன்.

"இதற்கா ஃபீஸ் கட்டினேன்?" என்றார்.