இதய சத்திரசிகிச்சை செய்த பிள்ளைக்குக் குடல் வழியாகப் புரதம் போகிறதாம். ஏன்?

வெள்ளவத்தைத் தாய்:

என் மகனுக்கு ஒன்பது வயது. ஒற்றை இதயவறையோடு பிறந்தவன். உடலிலிருந்து திரும்பும் குருதியை நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிடும் ஃபொன்டான் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, மற்றப் பிள்ளைகளோடு பந்தடித்துத் திரிந்தான். சில மாதங்களாக வயிறு உப்பிக்கொண்டே வருகிறது. பள்ளிக்கூடத்தால் வந்து காலுறையைக் கழற்றினால், அதன் விளிம்பு கணுக்காலைச் சுற்றிப் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. இரவுச் சாப்பாடு வரைக்கும் மறைவதில்லை.

சிறுநீரகமோ என்று நடுங்கிப் போனோம். சிறுநீரில் புரதம் இல்லை. ஆனால் குருதியில் அல்புமின் என்ற புரதம் 2.1 தான், மிகக் குறைவாம். மலத்தைப் பரிசோதித்த பிறகு, "குடலால் புரதம் கசிகிறது, இது நிணநீர்ப் பிரச்சினை" என்றார் வைத்தியர். எக்கோவில் (இதய ஸ்கானில்) இதயம் நன்றாகச் சுருங்குகிறதாம். அப்படியென்றால் குடலுக்கு என்ன வந்தது? கொழுப்பைக் குறைத்து எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் கொடுக்கச் சொன்னார்கள். தேங்காயெண்ணெயும் அதுதானே என்று மாமி சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

தெஹிவளை அம்மா:

அக்கா, என் மகளுக்கு சத்திரசிகிச்சை முடிந்த கையோடு நெஞ்சில் போட்ட வடிகுழாயில் பால் போல வெள்ளையாக வடிந்தது. அதுவும் நிணநீர்தான் என்றார்கள். கொழுப்பை நிறுத்தியதும் மெல்ல மெல்ல வற்றியது. உங்கள் மகனுக்கு வந்திருப்பது வேறு வகை. விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லட்டும், நான் பிரார்த்திக்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதி, பொரளை:

தங்கச்சி, முதலில் ஒன்று. இது உங்கள் சமையலால் வந்ததல்ல.

குருதிக் குழாய்களிலிருந்து எந்நேரமும் கொஞ்சம் நீரும் புரதமும் கசியும். அதை வாரியெடுத்துக் குருதியிலேயே திரும்பச் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. வயிற்றுப் பக்கத்து நிணநீர் நெஞ்சு வழியாக ஏறி, இடது கழுத்தடியில் பெரிய நாளத்துக்குள் விழுகிறது. 1968இல் பிரான்சின் போர்தோ நகரில் பிரான்சிஸ் ஃபொன்டான் முதன்முதலில் செய்த இந்தச் சத்திரசிகிச்சையில், உடலிலிருந்து திரும்பும் குருதி இதயவறையின் உந்துதல் இல்லாமல் நேரே நுரையீரலுக்குப் போகிறது. அதைத் தள்ளுவது நாளங்களில் தேங்கும் அமுக்கம்தான். நமக்கு 5 மில்லிமீற்றர் பாதரசம் அளவில் இருப்பது, இந்தப் பிள்ளைகளுக்கு 10 முதல் 15 வரை இருக்கும்.

அந்த அமுக்கம் நிணநீரை இரண்டு பக்கத்தாலும் நெருக்குகிறது. ஈரலிலும் குடலிலும் நிணநீர் கூடுதலாகச் சுரக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய வாசலிலோ எதிரமுக்கம். கடல் பொங்கி நிற்கும்போது வெள்ளவத்தைக் கால்வாய் மழைத்தண்ணீரை வெளியே விட முடியாமல் தெருவுக்கு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதிதான். வீங்கிய குழாய்கள் குடலுக்குள்ளேயே கசியும்போது அல்புமின் மட்டுமல்ல, நோயெதிர்ப்புப் புரதங்களும் வெள்ளணுக்களும் கூடவே போகின்றன. ஈரல் அல்புமினை உற்பத்தி செய்கிறது, ஆனால் இழப்புக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. ஃபொன்டான் செய்த எல்லோருக்கும் இது வருவதில்லை. பிறவியிலேயே நிணநீர்க் குழாய்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதும் ஒரு காரணம்.

மாமி சொன்ன தேங்காயெண்ணெய் விடயத்தில் கவனமாக இருங்கள். எம்சிடி எண்ணெயில் இருப்பது 8, 10 கார்பன் கொண்ட சிறிய கொழுப்புகள். அவை நிணநீரைத் தொடாமல் நேரே ஈரலுக்குப் போகும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். அதில் கணிசமான பங்கு நிணநீர் வழியாகத்தான் போகிறது. ஆகவே தேங்காய்ப்பாலும் மாற்றல்ல. சொதிக்கு ஆடை நீக்கிய பாலை விடுங்கள், சூட்டோடு தேசிக்காய் பிழிந்தால் திரைந்துவிடும். எம்சிடி எண்ணெயில் பொரிக்க வேண்டாம், சமைத்த சோற்றில் கலந்து கொடுங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் வயிற்றால் போகும், சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முட்டை வெள்ளைக்கரு, தோல் நீக்கிய கோழி, கொழுப்பில்லாத மீன், பருப்பு தாராளமாக. அந்த எண்ணெயில் உடலுக்கு அவசியமான சில கொழுப்பமிலங்கள் கிடையாது என்பதால், அளவையும் விற்றமின்களையும் போசணை ஆலோசகரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே கசிவு சில பிள்ளைகளுக்கு மூச்சுக் குழாயில் நடக்கும். இருமும்போது மரக்கிளை போலக் கிளைவிட்ட, இறப்பர் போன்ற வெள்ளைக் கட்டி வெளியே வந்தால், அதை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அக்கா, எனக்கும் சிறு வயதில் ஃபொன்டான் செய்தார்கள், பதின்ம வயதில் இதே பிரச்சினை வந்தது. புடெசொனைட் என்ற ஸ்டீரொய்ட் மருந்தால் அல்புமின் ஏறியது. முகம் ஊதியது, அதையும் பொறுத்துக்கொண்டேன். உங்கள் வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்: கதீற்றர் செய்து (குருதிக் குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு) அமுக்கத்தை அளந்து பார்க்க வேண்டுமா? ஃபொன்டான் பாதையில் எங்காவது ஒடுக்கம் இருக்கிறதா? இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா? எக்கோவில் இதயம் நன்றாகச் சுருங்கினாலும் நாளத்து அமுக்கம் கூடியிருக்கலாம். எனக்கு ஒடுக்கத்தை விரித்த பிறகுதான் உண்மையான மாற்றம் தெரிந்தது.

அமெரிக்காவின் பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலை போன்ற இடங்களில் நிணநீர்க் குழாய்களை எம்ஆர்ஐ மூலம் படமெடுத்து, கசியும் குழாயைக் கண்டுபிடித்து அடைக்கிறார்கள். இங்கே அதுவரை போக வேண்டி வருமா என்பது பிறகு. இப்போதைக்குக் காய்ச்சலைச் சாதாரணமாக எடுக்காதீர்கள், எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்துதான் போகிறது. குருதி உறையாமல் காக்கும் புரதங்களும் இதில் இழக்கப்படுவதால், குருதி உறைவதைத் தடுக்க அஸ்பிரினோ வோர்பரினோ எதைக் கொடுத்திருந்தாலும் வைத்தியர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.