புதுப்பிப்பு: ‘ஐ ஃபீல் கம்பெல்ட் டு ரைட்’ என்று தொடங்கிய கடிதம்

மூன்று மாதமாகச் சரிசெய்யப்படாத மாடித் தொட்டிக் கசிவைப் பற்றி எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு எழுதும் ஆங்கிலக் கடிதத்தை ‘ஐ ஃபீல் கம்பெல்ட் டு ரைட்’ (எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது) என்று தொடங்கலாமா எனச் சென்ற வாரம் கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி, கடிதம் அந்தத் தொடருடனேயே போய்விட்டது.

‘கம்பெல்ட்’ என்னும்போது சூழ்நிலையோ மனச்சாட்சியோ எழுதுபவரைப் பிடித்துத் தள்ளுகிறது. ‘ஆப்ளைஜ்ட்’ கடமையைச் சுட்டினாலும், ‘மச் ஆப்ளைஜ்ட்’ என்று நன்றி கூறவும் அதே சொல் பயன்படுவதால், புகார்க் கடிதத்தில் அதைத் தவிர்த்தேன். நம் அலுவலகக் கடிதங்களில் பழகிப்போன ‘ஐ ஆம் கன்ஸ்ட்ரெய்ன்ட் டு’ (வேறு வழியின்றிச் செய்கிறேன்) என்பதையும் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அதில் வக்கீல் நோட்டீஸ் வாடை அடிப்பதால், தினமும் படிக்கட்டில் எதிர்ப்படும் மனிதருக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் முதல் வரைவில் இருந்த ‘ஐ கான்ட் ஹெல்ப் டு ரைட்’ பிழையானது. ‘கான்ட் ஹெல்ப் ரைட்டிங்’ அல்லது ‘கான்ட் ஹெல்ப் பட் ரைட்’ என்றே வர வேண்டும். இங்கே ‘ஹெல்ப்’ என்பதற்கு உதவி என்று பொருளில்லை, தவிர்த்தல் என்றே பொருள். ஆகவே ‘எழுதாமல் இருக்க முடியவில்லை’ என்னும் நம் தொடர் அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. பள்ளியில் இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

செயலாளர் தமிழிலேயே பதில் அனுப்பினார்: ‘திங்கட்கிழமை பிளம்பர் வருவார் சார்.’